பதினாறு சுற்று

திருப்பத்தூர் பேருந்து நிலையத்தில் நர்சம்மா இடம் பிடிப்பதை வேடிக்கை பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். காரைக்குடி வண்டி உள்ளே வந்து வளைவதற்குள், தோளில் தொங்கும் தடுப்பூசிப் பெட்டியை ஜன்னல் வழியாக இருக்கையில் தள்ளிவிடுவார். ஐஸ் வைத்த நீலப் பெட்டி. அரசாங்கச் சாமான் என்பதால் அதை நகர்த்திவிட்டு உட்கார யாருக்கும் துணிச்சல் வராது. அப்படிப் பிடித்த இடத்தில் அவர் உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி, காலில் கட்டுப்போட்ட ஒருவர் என்று யாராவது வந்து சேர்ந்துவிடுவார்கள். ஒருமுறை, யாருக்காகப் பிடித்தாரோ அந்தப் பெண் முன்னால் நின்ற வேறொரு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நர்சம்மா காலி இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதான் அந்தக்கா போயிருச்சுல்ல, உக்காருங்க நர்சம்மா" என்றேன்.

"குன்றக்குடியில யாராச்சும் ஏறுவாக பிள்ள."

குன்றக்குடியில் ஏறியவர் இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு வந்தார். அவருக்கு இடம் கிடைத்தது. ஒரு குட்டியை நர்சம்மா கையில் வாங்கிக்கொண்டு காரைக்குடி வரைக்கும் நின்றார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். எதையும் உடனே தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்ததை உடனே யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்கிற அரிப்பு எனக்கு. நர்சம்மா அரசு சுகாதார நிலையத்தில் கிராம நர்ஸ். வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. வாரம் முழுக்க ஊசி, பிரசவம், குழந்தைகளை எடை போடுவது. வீட்டுக்காரர் ராஜபாளையத்தில் மில் வேலை, மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார். இவ்வளவுக்கும் நடுவில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் காரைக்குடியில் எங்கள் மாதா கோயில் பள்ளிக்கூடத்தின் பின்கொட்டகைக்கு வந்து, பத்து விரலிலும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு தும்பா வாசிப்பார். தும்பா என்பது இடுப்பு உயரத்துக்கு நெட்டையாக நிற்கும், ஒரு பக்கம் மட்டும் தோல் கட்டிய கொட்டு. இரண்டைச் சேர்த்து வைத்து வெறும் கையால் அடிப்பார்கள்.

அந்தத் தும்பாக்கள் மாஸ்டருடையவை. அங்கே கூடும் வாத்தியக் குழுவும் மாஸ்டருடையதுதான்; நான் அதில் கூடமாட ஒட்டிக்கொண்டவள். மாஸ்டர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

மாஸ்டர் இளவயதில் ஒரு செட்டியார் கடையில் வேலைக்கென்று சிங்கப்பூர் போனவர். சாயங்காலமானால் ஒரு ஹோட்டலின் பின்வாசலில் போய் நிற்பாராம். உள்ளே பிலிப்பைன்ஸ்காரர்களின் ஜாஸ் குழு ஒன்று மாம்போவும் ரும்பாவும் வாசிக்கும். பின்வாசலில் நின்றவர் இரண்டே வருடத்தில் உள்ளே போய் டிரம்பெட் ஊதத் தொடங்கினார். ஊர் திரும்பும்போது டிரம்பெட்டையும் ஒரு ஜோடித் தும்பாவையும் கப்பலில் கொண்டுவந்தார். கும்மி மெட்டை எடுத்து மாம்போத் தாளத்தின் மேல் ஏற்றி வைத்தார். தவிலைத் தும்பாவுக்கு எதிரே உட்கார வைத்தார். அங்கே அவர்கள் அடிக்கிற இரும்பு மணி இங்கே கிடைக்காததால், மஞ்சுவிரட்டுக் காளையின் கழுத்து மணியைக் கழற்றிக் குச்சியால் தட்டச் சொன்னார். காளைக்குச் சொந்தக்காரர் மணியை விட்டுப் பிரிய மனமில்லாமல் குழுவோடு வந்துவிட்டார். அவர்தான் எங்கள் மணிக்காரர்.

எனக்கு இது தலைகால் புரியாத சந்தோஷமாக இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்துப்போனவர்களின் தாளம் கியூபாத் தீவில் இறங்கி, ஜாஸுக்குள் புகுந்து, கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, காரைக்குடியில் ஒரு கும்மியைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறதே! நோட்டில் உலகப் படம் வரைந்து அம்புக்குறி போட்டு நர்சம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"எல்லாஞ் சரித்தான். அம்புக்குறி காரைக்குடியோட நின்னுருச்சே. திருப்பத்தூர் வண்டி எத்தன மணிக்குன்னு போடலியா?"

அவர் தும்பாவுக்கு வந்த கதையே வேறு. மாஸ்டருக்குச் சர்க்கரை. தினமும் ஊசிக்கு வருவார். நர்சம்மாவுக்கு ஒரு பழக்கம், ஊசி போடும் இடத்தில் டக்டக்கென்று நாலு தட்டுத் தட்டி, ஆள் அசந்த நேரத்தில் குத்திவிடுவார். மாஸ்டர் ஒருநாள், "ஊசி போட்டது தெரியலம்மா. தட்டுனதுதான் தெரிஞ்சது. எங்க, இன்னொருதரம் தட்டுங்க" என்றாராம். அந்த மாதம்தான் குழுவின் தும்பாக்காரர் துபாய்க்குப் போயிருந்தார். "ஊசி போட வந்தவரு என்னையக் குத்திப்புட்டுப் போயிட்டாரு" என்று நர்சம்மா சொல்வார்.

ஒருமுறை, எனக்கே உரிய அவசரத்தில், மாஸ்டர் மேல் அவருக்குப் பிரியம் உண்டா என்று கேட்டேவிட்டேன். நர்சம்மா சிரித்ததில் கொட்டகைப் புறாக்கள் பறந்தன.

"கூறுகெட்டவளே. பதினோரு வருசம் ஊசி குத்துன ஆளு மேல எவளுக்குடி ஆச வரும்?"

அப்புறம் ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஏனென்றால் ஊரே அதற்கு ஒரு பதில் வைத்திருந்தது, நானும் அதை நம்பினேன். அந்தப் பதிலின் பெயர் பதினாறு சுற்று.

மாஸ்டரின் உருப்படிகளில் பெரியதை நாங்கள் 'பெரிய பாட்டு' என்போம். கும்மி மெட்டு இரண்டு முறை வரும். பிறகு எல்லாரும் வாத்தியத்தை இறக்கிவிட, தும்பாவும் மணியும் தவிலும் மட்டும் ஓட, மேலே மாஸ்டர் தனியாக டிரம்பெட் ஊதுவார். தாளம் பதினாறு சுற்று வரும்வரை அவர் ராஜ்யம். அவர் இறந்த பிறகு குழு முதன்முதலாக வாசித்தது நாட்டரசன்கோட்டையில் ஒரு கல்யாணத்தில். முன்பே ஒப்புக்கொண்டது, தட்டிக்கழிக்க முடியவில்லை. கும்மி முடிந்ததும், இருபது வருடப் பழக்கத்தில் கிளாரினெட்டுகள் இரண்டும் இறங்கிவிட்டன. ஊத வேண்டியவர் இல்லை என்பது இறக்கிய பிறகுதான் உறைத்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நர்சம்மா மட்டும் கையை நிறுத்தவில்லை. பதினாறு சுற்றும் ஓட்டி, தலையை ஆட்டினார். எல்லாரும் சேர்ந்து கடைசிக் கும்மியை எடுத்தார்கள். மணிக்காரர் அழுதுகொண்டே தட்டினார். சம்பந்தி வீட்டார் வந்து, "ரொம்ப உருக்கமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து அது முறையாகிவிட்டது. மாஸ்டரின் இடம். அதில் யாரும் வாசிப்பதில்லை. முக்கால் நிமிடம் வெறும் தாளம் ஓடும்.

விஷயம் தெரியாத ஊர்களில் அந்த முக்கால் நிமிடம் படாத பாடு படும். மைக் செட்காரர் மைக் செத்துப்போனதென்று புது மைக்கோடு மேடைக்கு ஓடிவருவார். ஒரு திருவிழாவில், பாட்டு நின்றுவிட்டது என்று நினைத்த விழாக் கமிட்டிக்காரர், "சிவப்புச் சட்டை போட்ட ஒரு சின்னப் பிள்ளை அழுதுகிட்டு நிக்கிது, பெத்தவுக மேடைக்குப் பக்கத்துல வாங்க" என்று மாம்போத் தாளத்தின் மேல் அறிவித்தார். மணிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினார். நர்சம்மா முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கண்ணை மூடியிருப்பார். மாஸ்டரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எல்லாரும் சொல்வார்கள். அவரைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

குழுவுக்கு ஒரு டிரம்பெட்காரன் வந்துதான் இருந்தான். இருபத்திரண்டு வயது, ஜெராக்ஸ் கடையில் வேலை, நல்ல மூச்சு. மற்றப் பாட்டுகளுக்கெல்லாம் ஊதுவான். பெரிய பாட்டில் அந்த இடம் வந்ததும் டிரம்பெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இரண்டு வருடம் உட்கார்ந்து பார்த்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கொட்டகையில் வெடித்துவிட்டான்.

"மதுரையில ஒரு குழு கூப்புடுறாக. நான் போறேன். இங்க ஊதுறதுக்கு ஆளு வச்சிருக்கீகளா, இல்ல ஊதாம இருக்குறதுக்கு வச்சிருக்கீகளா?"

"மாஸ்டர் எடம்டா அது" என்றார் மணிக்காரர்.

"மாஸ்டரு வந்து ஊதுனா நான் ஏன்ணே கேக்கப் போறேன்?"

"நீ அதுல என்னத்த ஊதுவ? ஒனக்குத் தோணுனத ஊதுவ. அவரு ஊதுனது யாருக்காச்சும் தெரியுமா? எழுதி வச்சாரா, பதிஞ்சு வச்சாரா?"

எல்லாரும் நர்சம்மாவைப் பார்த்தார்கள். அவர் விரலிலிருந்து பிளாஸ்திரியைப் பிரித்துக்கொண்டிருந்தார். "திருநா முடியட்டும்ப்பா, பேசுவோம்" என்றார். டிரம்பெட் போனால் குழு இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சும்மா இருக்க என்னால் முடியுமா? பதிவு இல்லை என்று மணிக்காரர் சொன்னது எனக்குக் கொக்கியாக மாட்டிக்கொண்டது. மாஸ்டர் வாசித்த கல்யாண வீடுகளை விசாரித்து ஒவ்வொன்றாக சைக்கிளில் போனேன். மூன்றாவது வாரம், என்னோடு படித்த பெண் ஒருத்தியின் வீட்டில் மாட்டியது. அவள் அப்பா, செட்டிநாட்டு வழக்கில் அப்பச்சி, வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்பூல் டேப் கருவியால் அந்த வீட்டுக் கல்யாணம் முழுவதையும் பதிந்து வைத்திருந்தார். என் தோழியின் அம்மா, அந்த வீட்டு ஆச்சி, ஒரு பிஸ்கட் டின்னைத் தூக்கிக் கொடுத்தார்.

"கொண்டுக்கிட்டுப் போங்க. அப்பச்சி இதப் போட்டா நாங்கள்லாம் பின்னால ரெண்டாங்கட்டுக்குப் போயிக் கதவச் சாத்திக்கிருவோம்."

ரெக்கார்டிங் கடையில் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கேசட்டில் ஏற்றினேன். நாதஸ்வரம், யாரோ இருமல், பந்தியில் சாம்பார் கேட்கும் குரல், அதற்கப்புறம் பெரிய பாட்டு. கும்மி இரண்டு முறை. அப்புறம் மாஸ்டர். கடையிலேயே நான் குதித்துவிட்டேன். பதினாறு சுற்றும் ஒரு பிசிறில்லாமல் இருந்தது. இதை டிரம்பெட்காரன் சுரம் மாறாமல் படித்துக்கொள்ளலாம். மாஸ்டரின் இடத்தில் மாஸ்டரின் வாசிப்பே வரும். மணிக்காரருக்கும் பேச்சில்லை. யாரும் எங்கும் போக வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நான் ஒருத்தி தீர்த்துவிட்டேன்.

முதலில் நர்சம்மாவுக்குத்தான் போட்டுக் காட்ட வேண்டும் என்று டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். போலியோ சொட்டு மருந்து முகாம் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டி, வாய் துடைத்து, படுக்க வைத்துவிட்டு வந்து, சுவரில் சாய்ந்து தரையில் காலை நீட்டினார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. நான் பொத்தானை அமுக்கினேன்.

பதினாறு சுற்றும் ஓடி முடிந்தது. அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருந்தேன்.

"நல்லாத்தான் ஊதியிருக்காரு" என்றார். அப்புறம், "மொத்தமும் இருக்கா?" என்று கேட்டார்.

"மொத்தமும் இருக்கு நர்சம்மா! ஒரு சுத்துகூட விட்டுப்போகல."

"ம்."

"ஒங்களுக்குச் சந்தோசம் இல்லையா?"

நர்சம்மா பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"காலையில எந்திரிச்சா நர்சம்மா. வண்டியில ஏறுனா நர்சம்மா. வீட்டுக்கு வந்தா மாமா, அந்தா கூப்புடுறாக பாரு. கொட்டகைக்கு வந்தா கிளாரினெட்டு ஓடுது, நிறுத்திப் புடிக்கணும். இவன் டிரம்பெட்டு எடுப்புல முந்துறான், இழுத்து விடணும். அந்தப் பதினாறு சுத்துத்தான் பிள்ள, எவனும் என்னைய ஒண்ணும் கேக்க மாட்டான். கை அதுபாட்டுக்கு ஓடும். நான் பேசாம இருப்பேன்."

"அப்ப கண்ண மூடியிருக்கது... மாஸ்டர நெனச்சு இல்லையா?"

"மாஸ்டரா? மாஸ்டர் ஊதுன காலத்துல அந்த எடந்தான் ரொம்பச் செரமம். மனுசன் ஓடுவாரு பாரு ஓட்டம், பின்னாடியே தொரத்தணும்." லேசாகச் சிரித்தார். "செத்தும் எனக்கு முக்கா நிமிசம் குடுத்தாரேன்னு நெனச்சுக்கிருவேன்."

உள்ளேயிருந்து மாமனார் மறுபடி கூப்பிட்டார். நர்சம்மா எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார்.

"நான் யார்கிட்டயும் சொல்லல நர்சம்மா. கேசட்ட அழிச்சிர்றேன்" என்றேன்.

"அழிச்சிட்டு? அவன் மதுரைக்குப் போயிருவான். அங்க நாப்பது பேர்ல ஒருத்தனா நிப்பான். மணிக்காரருக்கு இத விட்டா ஞாயித்துக்கெழம ஏது?" அறைக்குள் போகிற வழியில் நின்று திரும்பினார். "அவன்கிட்டக் குடு. சுருக்காக் குடு. படிக்கிறதுக்கு நாள் வேணும்ல."

கொடுத்தேன். பதினைந்து நாளில் படித்துவிட்டான். ஒத்திகையில் அவன் அந்த இடத்தை ஊதியபோது மணிக்காரர் மணியைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கட்டிக்கொண்டார். எல்லாரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நர்சம்மா இரண்டு ஒத்திகையிலும் குறையில்லாமல் வாசித்தார். கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். என்னைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை.

திருவிழா அன்று நண்பகல், கோயிலில் எல்லாருக்கும் போடும் அசன விருந்துக்கு ஜனம் தட்டோடு வரிசையில் நிற்கும்போது பெரிய பாட்டு. கும்மி இரண்டு முறை வந்தது. டிரம்பெட்காரன் எழுந்து நின்றான். முதல் ஊதலிலேயே வரிசையில் பேச்சு அடங்கியது.

நர்சம்மா கையை எடுத்துவிட்டார்.

தும்பாவின் மேலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து, உள்ளங்கை மேலே தெரிய மடியில் வைத்துக்கொண்டார். டிரம்பெட்காரன் ஊதிக்கொண்டே பயந்து திரும்பிப் பார்த்தான். தவில்காரர் கண்ணை உருட்டினார். மணிக்காரருக்கு உயிர் போய்விட்டது. ஆனால் மணியை விட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று விடாமல் தட்டினார். கனமான கொட்டு விலகியதும் மணியும் தவிலும் மட்டும் ஓட, டிரம்பெட் எலும்பு தெரிகிறமாதிரி தனியாக நின்றது. உண்மையைச் சொன்னால் அது பயங்கர அழகாக இருந்தது. நர்சம்மா நாற்காலியில் முதுகைச் சாய்த்தார். அவர் எதிலாவது முதுகு சாய்த்து உட்கார்ந்து மேடையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் நின்ற ஒரு குழந்தை கையை ஆட்டியது. பதிலுக்கு ஆட்டினார். கண்ணை மூடிக்கொண்டார். பதினாறு சுற்று முடிந்து பதினேழாவதன் முதல் அடியில், மயிரிழை பிசகாமல், இரண்டு கையும் தோலில் விழுந்தன. கடைசிக் கும்மி கிளம்பியது. ஜனம் தட்டைத் தட்டி ஆர்ப்பரித்தது.

இறங்கியதும் டிரம்பெட்காரன் ஓடிவந்தான். "ஏன் நர்சம்மா கைய எடுத்துட்டீக? உசுரே போச்சு எனக்கு."

"நீதான் ஊதுனியேப்பா" என்றார். பிளாஸ்திரியைப் பிரித்தபடி.

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த கல்யாணத்திலும் எடுத்தார், அதற்கடுத்ததிலும் எடுத்தார். கேட்பதை விட்டுவிட்டார்கள்.

சில வருடத்தில் முழங்கால் போய் அவர் வாசிப்பதை நிறுத்தினார். வேலையும் நாட்டரசன்கோட்டைப் பக்கம் மாற்றலானது. குழு இரண்டாகப் பிரிந்தது. டிரம்பெட்காரன் சிவகங்கையில் ஒன்று வைத்தான், கிளாரினெட்காரர்கள் தேவகோட்டையில் ஒன்று. இரண்டிலும் கொட்டின் மேல் மாஸ்டர் படம். நான் படிப்பு முடித்து வேலைக்காகச் சென்னை போய், ஒரு விடுமுறையில் சிவகங்கைக் கல்யாணம் ஒன்றில் அவன் குழுவைக் கேட்டேன். பெரிய பாட்டு வந்தது. டிரம்பெட் தனியாக எழும்பிய இடத்தில், எனக்கு முன்பின் தெரியாத ஓர் இளைஞன், தும்பாவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். பதினாறு சுற்றும் அப்படியே இருந்தான்.

முடிந்ததும் போய்க் கேட்டேன்.

"மாஸ்டர் காலத்துலேருந்தே அப்புடித்தான்க்கா. தேவகோட்டைக் குழுவுலயும் இதே மொறதான். தனி டிரம்பெட்டுக்குக் குடுக்குற மரியாதை" என்றான். பயபக்தியோடு சொன்னான். பக்கத்தில் நின்ற டிரம்பெட்காரன் என்னைப் பார்க்காமல் வாத்தியத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே நாட்டரசன்கோட்டைக்குப் பேருந்து ஏறினேன். சுகாதார நிலையத்து வாசலில் குழந்தைகள் வரிசை. ஒன்றை எடைத் தொட்டிலில் போட்டுவிட்டு முள் நிற்பதற்காக நர்சம்மா காத்திருந்தார். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மாஸ்டர் காலத்து முறையாம், மரியாதையாம், இரண்டு ஊர்க் குழுவிலும் இதுதானாம். அந்தத் தும்பாப் பையனிடம் உண்மையைப் போய்ச் சொல்லிவிட்டு வரவா என்று கேட்டேன்.

அவர் குழந்தையின் எடையைப் பார்த்து எழுதினார். தூக்கித் தாயிடம் கொடுத்தார். அடுத்ததற்குக் கையை நீட்டினார்.

"வேணாம் பிள்ள. சும்மா விடு" என்றார். "பாவம், அவனுக்கும் கை வலிக்கும்ல."